கண்ணாடிக் குழாயும் கைத்தொலைபேசியும்: இரண்டு மருத்துவச் செயலிகள், மூன்று பாம்புக்கடிக் கேள்விகள்

மன்னார் விடத்தல்தீவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்றால் போனில் சிக்னல் ஒரு கோடு. வாசலுக்கு வந்தால் இரண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படிக்கும் என் பெறாமகள் விடுமுறைக்கு வந்தால் வாசற்படியில்தான் இருப்பாள். இந்தமுறை போனை என்னிடம் நீட்டினாள். அதில் பதினேழு மருத்துவச் செயலிகள்.

“சித்தப்பா, போனில இடமில்லை. எதை வச்சிருக்கிறது, எதை அழிக்கிறது?”

நான் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். என் பாடப்புத்தகங்கள் 2008 இடப்பெயர்வோடு போயின. புத்தகம் போனால் என்னென்ன போகும் என்று அறிந்தவனாகையால் அவள் கேள்வியைச் சின்னதாக எடுக்கவில்லை. அவளுக்கு அந்தப் போன்தான் நூலகம். நூலகத்தில் கண்டதையெல்லாம் அடுக்கக் கூடாது.

முதலில் கழித்தோம். எழுதியவர் பெயர் எங்கும் இல்லாத வினா-விடைச் செயலிகள் போயின. யாரோ ஒருவரின் பாடநூலைக் களவாகப் பிரதியெடுத்து விளம்பரத்தோடு விற்பவை போயின. கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று சொல்லாதவையும் போயின. மிஞ்சியவை இரண்டு: மெட்ஸ்கேப், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பின் எம்.எஸ்.எஃப். மருத்துவ வழிகாட்டிகள். இரண்டும் இலவசம், இரண்டும் பெயர்பெற்றவை. ஆனால் இரண்டும் ஒரே வேலைக்குப் பிறந்தவை அல்ல.

யார் எழுதுகிறார், யார் காசு கொடுக்கிறார்

மெட்ஸ்கேப் 1995-ல் அமெரிக்காவில் இணையத்தளமாகத் தொடங்கியது. இப்போது வெப்எம்டி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நோய்க் கட்டுரைகளில் எழுதிய மருத்துவரின் பெயர், அவர் துறை, திருத்திய நாள், மேற்கோள்கள் எல்லாம் இருக்கும். அது நேர்மையான அடையாளம். ஆனால் உள்ளே போகக் கணக்குத் திறக்க வேண்டும். நீ வைத்தியரா, தாதியா, மாணவரா என்று கேட்கும். மருந்துக் கம்பனி விளம்பரங்கள் வரும். இலவசம் என்பதன் விலையை அந்த விளம்பரங்களும் நாம் கொடுக்கும் விபரங்களும் கட்டுகின்றன. பாடம் படிக்கும் கண்ணுக்குப் பக்கத்திலேயே மருந்து விற்பவரின் குரலும் இருக்கிறது என்பதை மாணவி தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

எம்.எஸ்.எஃப். 1971-ல் தொடங்கிய அமைப்பு. 1999-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றது. எங்கள் வடக்கிலும் போர்க்காலத்தில் பணிசெய்தது. அதன் செயலியில் கணக்கும் இல்லை, விளம்பரமும் இல்லை. தங்கள் வைத்தியர்களும் தாதியரும் களத்தில் பாவிக்கும் கைநூல்களையே உள்ளே வைத்திருக்கிறார்கள்: நோய்களுக்கான வழிகாட்டி, அத்தியாவசிய மருந்துகள், மகப்பேறும் பச்சிளங்குழந்தையும், காசநோய். இங்கே தனி ஆசிரியரின் பெயரைவிட அமைப்பின் பொறுப்புத்தான் முன்னால் நிற்கிறது.

சிக்னல் இல்லாத வாசற்படி

அடுத்து ஏரோபிளேன் மோடைப் போட்டுப் பார்த்தோம். இறக்கி முடித்திருந்த எம்.எஸ்.எஃப். கைநூல்கள் அப்படியே திறந்தன. மெட்ஸ்கேப்பில் முன்கூட்டியே இறக்கி வைத்தவை மட்டும் திறந்தன. செய்தியும் தொடர்கல்விப் பகுதியும் வலையமைப்புக்குக் காத்துக்கொண்டிருந்தன. கொழும்பில் இருப்பவருக்கு இது சின்ன வேறுபாடு. கண்டல் காட்டோரம் இருக்கும் எங்களுக்குச் சின்னதல்ல.

மருந்துப் பெயரிலும் ஒரு சோதனை உண்டு. எங்கள் விடுதியில் பரசிற்றமோல், சல்பியூற்றமோல், அட்ரினலின் என்று சொல்வதை அமெரிக்கர் அசெற்றமினோஃபென், அல்பியூற்றரோல், எபிநெஃப்ரின் என்பார்கள். மெட்ஸ்கேப் அமெரிக்கப் பெயரைத் தலைப்பாக்குகிறது. எம்.எஸ்.எஃப். கைநூல் பரசிற்றமோலைப் பரசிற்றமோல் என்றே சொல்கிறது. இரண்டு பெயரும் ஒரே மருந்துதான் என்று அறியாத முதலாம் வருட மாணவர் இதில் தடுமாறுவார்.

ஆனால் ஒரே நோயாளி ஏழு குளிசை விழுங்கும் காலம் இது. வாபரினும் மெற்ரொனிடசோலும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்துக் கூடும் என்பதை, இரண்டு பெயரையும் தட்டியவுடன் மெட்ஸ்கேப்பின் கருவி காட்டிவிடும். எம்.எஸ்.எஃப். ஒவ்வொரு மருந்துக்கும் அளவையும் எச்சரிக்கையையும் சுருக்கமாகச் சொல்கிறது. ஆனால் மருந்துகளை இப்படிச் சேர்த்துப் பார்க்கும் வேலைக்கு அது ஆக்கப்பட்டதல்ல. இந்த இடத்தில் மெட்ஸ்கேப்புக்கே முதலிடம்.

பதில் தெரிந்த கேள்விகள்

ஒரு செயலியை மதிப்பிட எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி, பதில் எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த கேள்வியை அதனிடம் கேட்பது. நான் பாம்புக்கடியைத் தேர்ந்தேன். மூன்று கேள்விகள்.

முதலாவது: கண்ணாடி விரியன் கடித்தவருக்குக் கண்மடல் விழுமா? நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், விரியன் இரத்தத்தைத் தாக்கும் என்பது உலகப் பொதுப் பாடம். இலங்கையின் கண்ணாடி விரியன் இரண்டையும் செய்யும். இரத்தம் உறையாமல் இருப்பவரின் கண்மடலும் தாழ்ந்திருப்பதை விடுதியில் பார்த்திருக்கிறோம். இரண்டு செயலிகளும் உலகப் பொதுப் பாடத்திலிருந்தே தொடங்குகின்றன. மெட்ஸ்கேப்பின் பாம்புக்கடிக் கட்டுரை வட அமெரிக்கப் பாம்புகளையும் அங்குள்ள விஷ எதிர்ப்பு மருந்தையும் முதன்மையாக வைத்துப் பேசுகிறது. அங்கு அது சரி. மன்னாரில் அது வேறொரு ஊரின் வரைபடம்.

இரண்டாவது: இரத்தம் உறைகிறதா என்று படுக்கையருகே எப்படிப் பார்ப்பது? இதை நான் எத்தனையோ இரவு செய்திருக்கிறேன். புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் அளவு இரத்தம். அசைக்காமல் மேசையில் நிற்கவிட வேண்டும். 20 நிமிடம் கழித்து ஒருமுறை சரிக்க வேண்டும். கட்டியாக நின்றால் மூச்சு விடலாம். தண்ணீர்போல ஓடினால் விஷம் உறையும் சத்தைத் தின்றுவிட்டது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உறைதலைத் தொடக்கி வைப்பது கண்ணாடியின் மேற்பரப்பு. பிளாஸ்ரிக் குழாய் ஏமாற்றும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். எம்.எஸ்.எஃப். கைநூல் இந்தச் சோதனையைச் சொல்கிறது, காய்ந்த குழாய் என்றும் சொல்கிறது. ஆனால் நேரம் 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வழிகாட்டியும் இலங்கை விடுதிகளும் பிடிப்பது 20. ஆய்வுகூடம் இல்லாத இடத்தை மனதில் வைத்து எழுதிய நூல் எது என்பதை இந்தக் குழாய் காட்டிவிட்டது; அந்த நூலையும் உள்ளூர் வழக்கோடு ஒப்பிட வேண்டும் என்பதை அந்தப் பத்து நிமிடம் காட்டிவிட்டது.

மூன்றாவது: விஷ எதிர்ப்பு மருந்து ஏற்றுமுன் ஒவ்வாமையைத் தடுக்க என்ன கொடுப்பது? இதற்கான பதில் இந்த நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 2011-ல் வெளியான ஆய்வில், இலங்கையில் பாம்பு கடித்த 1007 பேரிடம், தோலுக்கடியில் ஏற்றிய சிறிதளவு அட்ரினலின் முதல் மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமையை 43 வீதம் குறைத்தது. வழமையாகக் கொடுத்துவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் அப்படிக் காக்கவில்லை. இதை மூலக் கட்டுரையிலேயே படிக்கச் சொன்னேன். இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி வழிகாட்டியையும் இறக்கி வைக்கச் சொன்னேன். இந்தியாவில் செய்யும் விஷ எதிர்ப்பு மருந்து நான்கு பாம்புக்கானது; இந்நாட்டில் அதிகம் கடிக்கும் குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. இந்த மண்ணில் படிப்பவருக்கு இது அடிப்படைப் பாடம்.

நட்சத்திரங்கள் ஏன் போதாது

“பிளே ஸ்டோரில எத்தினை நட்சத்திரம் எண்டு பாத்தாக் காணாதா?” என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு கதை சொன்னேன். போனை நெஞ்சில் வைத்தால் இரத்த அழுத்தம் சொல்லும் ஒரு செயலி 2014-2015-ல் அதிகம் விற்றவற்றின் முன்வரிசையில் இருந்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர் 2016-ல் வெளியிட்ட கணக்கில், உயர் அழுத்தம் உள்ள 10 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு அது ‘இயல்பு’ என்று காட்டியிருந்தது. வாங்கியவர்களில் பலருக்குப் பிடித்திருக்கலாம். நல்ல செய்தி சொல்லும் கருவியை யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டாவது, இன்சுலின் அளவு கணிக்கும் 46 செயலிகளை ஆராய்ந்த 2015 ஆய்வு. மூன்றில் இரண்டு பங்கு செயலிகளில் பிழையான அளவைச் சொல்லும் ஆபத்து இருந்தது. கணக்குச் சூத்திரத்தை வெளியே காட்டியவை 30 வீதம் மட்டும்.

மதிப்பிட முறையான அளவுகோல்களும் உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட 23 கேள்விகள் கொண்ட அளவுகோல், ஈடுபாடு, இயக்கம், தோற்றம், தகவலின் தரம் என்று பிரித்து மதிப்பெண் கொடுக்கச் சொல்கிறது. மாணவர் கூட்டாக இருந்து பார்க்க நல்ல பயிற்சி. ஆனால் சராசரி எடுத்தால், அழகான திரை பலவீனமான தகவலைத் தூக்கிவிடும். மருத்துவத்தில் தகவல் தோற்றால் மற்ற மூன்றும் தோற்றதாகவே கொள்ள வேண்டும்.

இரண்டிலும் இல்லாதது

இரண்டு செயலியும் எம் மொழியில் பேசுவதில்லை. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழில் கற்பித்தார். தன் காலத்து மாணவர் கையிலிருந்த நிலையான நூல்களையே அவர் தேர்ந்தார். ட்ரூயிட்டின் அறுவை நூல் 1867-ல் ‘இரணவைத்தியம்’ ஆயிற்று. கிரேயின் உடற்கூற்று நூல் 1872-ல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. நல்ல நூலைத் தேடி எடுப்பது, அதைப் படிப்பவரின் மொழிக்குக் கொண்டுவருவது ஆகிய இரண்டையும் அவர் ஒரே வேலையாகக் கண்டார். நாம் முதற்பாதியை மட்டும் செயலிக் கடையிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இது. மருந்துகள் ஒன்றோடொன்று முட்டுவதைப் பார்க்கவும் அரிய நோயைப் பற்றி விரிந்து படிக்கவும் மெட்ஸ்கேப். சிக்னல் இல்லாத இடத்தில், குறைந்த வசதியோடு முடிவெடுக்கக் கற்க எம்.எஸ்.எஃப். இரண்டையும் சரிபார்க்க உள்ளூர் வழிகாட்டி. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு புத்தகம்.

அவள் பதினைந்து செயலிகளை அழித்தாள். பிறகு கொப்பியை எடுத்து, கட்டுவிரியன் கடித்தவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கடி நோகாது, பாயில் படுத்தவருக்குக் கடிபட்டதே தெரியாது, விடியப்புறம் வயிற்றுவலியோடுதான் எழும்புவார் என்று சொன்னேன். “ராத்திரி நிலத்திலயா படுத்தனீங்கள்? கண் மடல் பாரமா இருக்கா? விழுங்கக் கஷ்டமா இருக்கா?” என்று அவள் தமிழிலேயே எழுதிக்கொண்டாள்.