ஏரியை யார் தூர்வாருவது? - குடிமராமத்தின் கதை

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை ஏமாற்றியது. வழக்கமாகப் பெய்ய வேண்டிய மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. அடுத்த இரண்டே மாதத்தில், மார்ச் 2017ல், ஏரிகளைத் தூர்வார 100 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'குடிமராமத்து'.

இந்தப் பெயர் புதியது அல்ல. குடி என்றால் குடிமக்கள். மராமத்து என்றால் பழுதுபார்க்கும் வேலை. ஊர் மக்களே கூடித் தங்கள் ஏரியைப் பழுதுபார்ப்பதுதான் குடிமராமத்து. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நடந்த இந்த வழக்கம் ஏன் நின்றது? அதை அரசாங்கம் ஏன் திரும்பத் தேடிப் போனது? அதைப் பார்ப்போம்.

ஏரி எப்படி வேலை செய்கிறது?

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வருடத்து மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அதுவும் சில நாட்களில்! அந்த நீரைப் பிடித்து வைக்காவிட்டால் கடலுக்குப் போய்விடும். அதற்காகக் கட்டப்பட்டவைதான் ஏரிகள். தெற்கே மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்பார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் கணக்கில் உள்ளன.

அமைப்பு எளிமையானது. சரிவான நிலத்தின் குறுக்கே ஒரு மண்கரை. மழைநீர் வந்து சேர வரத்துக்கால். வயலுக்குத் திறந்துவிட மடை அல்லது மதகு. நிரம்பியபின் மிச்ச நீர் வழிய கலிங்கு. அந்த நீர் பாயும் வயல்களுக்கு ஆயக்கட்டு என்று பெயர். மேல் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் கீழ் ஏரிக்குப் போகும், அதில் வழிவது அதற்கும் கீழே உள்ளதற்குப் போகும். இப்படிச் சங்கிலித் தொடராகப் பல ஊர்கள் ஒரே மழையைப் பங்குபோட்டுக்கொண்டன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடிவரும் நீர் மண்ணையும் கொண்டுவரும். வருடா வருடம் வண்டல் படியும், கொள்ளளவு குறையும். வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். ஓர் இயந்திரம் வாங்கினால் வருடந்தோறும் அதன் மதிப்பு குறையும், அதற்கென்று லாபத்தில் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் போகும்போது கையில் காசு இருக்காது. ஏரிக்குத் தூர் என்பது அந்தத் தேய்மானம்தான். ஏரியின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே படிக்கலாம்: தேய்மானத்துக்கு யார் ஒதுக்கினார்கள்?

உத்திரமேரூர் காட்டும் கணக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஆண்டுகள் 919, 921. குடவோலைத் தேர்தல் முறைக்காகப் பள்ளிப் புத்தகத்திலேயே இவற்றைப் படித்திருப்போம். ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை அவ்வளவாகக் கவனித்திருக்க மாட்டோம். அதற்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

இன்னொரு விதி சுவையானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது! ஊர்ப் பணத்தைக் கையாள்பவரிடம் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே தணிக்கை கேட்டிருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? ஏரிக்கென்றே நிலம் விடப்பட்டது. அதை ஏரிப்பட்டி என்றார்கள். அதன் வருமானம் ஏரிப் பராமரிப்புக்கு. தூர் வாரும் ஓடங்களுக்காகவும் பொன்னும் நெல்லும் அறக்கட்டளையாகத் தந்ததைச் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. அசலைத் தொடாமல் வட்டியில் ஏரியைப் பராமரிக்கும் ஏற்பாடு இது.

இதைப் படித்து அந்தக் காலம் பொற்காலம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உத்திரமேரூர் சபை பிராமண நில உடைமையாளர்களின் சபை. நிலமில்லாதவருக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை.

நீர்க்கட்டி என்னும் மனிதர்

மடையைத் திறப்பதும் மூடுவதும் யார்? நீர்க்கட்டி. சில ஊர்களில் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். பல ஊர்களில் இவர்கள் தலித் மக்கள். மழைக்காலத்தில் இரவோடு இரவாகக் கரையைச் சுற்றி வந்து உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூலி பணமாக அல்ல, அறுவடையின்போது களத்தில் நெல்லாக. விளைந்தால்தான் அவருக்கும் நெல், அதனால் எல்லா வயலும் விளைய வேண்டும் என்பது அவருடைய கவலையும் ஆனது.

வறட்சி வருடத்தில் இவருடைய வேலை இன்னும் கடினம். ஏரியில் பாதி நீர்தான் இருக்கிறது என்றால் ஊர் கூடிப் பேசி முறை வைக்கும். யாருக்கு எத்தனை நாழிகை, எந்த மடை முதலில் என்பதெல்லாம் முடிவாகும். நிலச் சொந்தக்காரர் தானே மடையைத் தொடாமல், அந்த வயலில் பங்கில்லாத ஒருவர் கையில் நீர்ப் பங்கீட்டை விடுவது சண்டையைக் குறைக்கும் வழி. ஊர்த் தெருவில் சமமாக நடத்தப்படாத மனிதரை நம்பித்தான் ஊரின் நெல் இருந்தது என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய முரண்பாடு.

வருமானம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் கணக்கு குழம்பியது. தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். அவர் வலியுறுத்திய ரயத்துவாரி முறையில் அரசாங்கம் ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கியது. ஏரி நீர் பாயும் நஞ்சைக்குப் புஞ்சையைவிட வரி அதிகம். அதாவது ஏரி தரும் லாபத்தில் பெரும்பங்கு கஜானாவுக்குப் போனது. ஊர்ப் பொது விளைச்சலில் இருந்து ஏரிக்கென்று ஒதுக்கிய பழைய பங்குகள் மறைந்தன. ஏரிக்காக விடப்பட்ட மானிய நிலங்கள் பலவும் காலப்போக்கில் சாதாரணப் பட்டா நிலங்களாயின.

ஆனால் தூர்வாருவது மட்டும் ஊரின் கடமையாகவே இருக்க வேண்டும் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது. மக்கள் வராதபோது 1858ல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்றது அது. தன் ஏரி என்று நினைத்து மண்வெட்டி எடுத்தவரிடம் சட்டத்தைக் காட்டி வேலை வாங்க முடியுமா? அந்தச் சட்டத்தால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

பிறகு வந்தது 1876-78 பெரும் பஞ்சம், மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவு வைத்திருப்பது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. மழை பொய்த்தது ஒரு காரணம். தானிய விலை எட்டாத உயரத்துக்குப் போனதும், நிவாரணத்தில் அரசு காட்டிய சிக்கனமும் சாவுகளைப் பெருக்கின. பஞ்சத்துக்குப் பிறகு பஞ்சக் கமிஷன் வந்தது, 1880களில் ஏரிகளை ஆய்வுசெய்து சீரமைக்கும் திட்டமும் தொடங்கியது. ஆனால் அது பொறியாளர்களின் திட்டமாகவே இருந்தது. ஊர் மக்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆனார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு

40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு என்று பிரிக்கப்பட்டன. ஏரிக்கு அலுவலகம் கிடைத்தது, ஆனால் ஊரின் கை விலகியது.

இன்னொரு பக்கம் கிணறும் ஆழ்துளைக் கிணறும் பெருகின. 1990ல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுவதும் இலவசமானது. தன் வயலில் மோட்டார் வைத்திருப்பவருக்கு ஏரியைப் பற்றி என்ன கவலை? ஆனால் அந்தக் கிணற்றில் ஊறும் நீரில் ஒரு பங்கு ஏரியில் இருந்து இறங்கியதுதான். ரசாயன உரம் வந்ததும், வயலுக்கு எருவாக வண்டியில் போன வண்டல் மண்ணுக்கும் மதிப்புப் போயிற்று. இலவசமாகத் தூர் வாரிக்கொண்டிருந்தது அந்த எருத் தேவைதான்! ஏரிக்குள் சீமைக்கருவேலம் வளர்ந்தது, வரத்துக்கால்களில் வீடுகள் வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேருக்குப் பாய்ந்த ஏரிப் பாசனம், 2000களில் 6 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

இந்தப் பின்னணியில்தான் 2017 திட்டம் வந்தது. அதில் ஒரு நல்ல விதி இருந்தது. பாசன விவசாயிகள் வேலையின் மதிப்பில் 10 சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். ஆனால் பல இடங்களில் விவசாயிகள் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலை செய்ததாகப் புகார்கள் எழுந்தன. பழைய பெயர் திரும்பி வந்தது, பழைய கணக்கு எல்லா ஊரிலும் திரும்பி வரவில்லை.

ஏரியை ஒருமுறை தூர்வாரப் பணம் போதும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் தூர்வார, அந்த ஏரியால் லாபம் பெறுபவர்கள் அதற்கென்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதற்குக் கணக்கும் காட்ட வேண்டும். இந்தமுறை நிலமில்லாதவரும் பெண்களும் நீர்க்கட்டியும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும்.

அடுத்த வறட்சி எப்படியும் வரும். அது வருவதற்குள் உங்கள் ஊர் ஏரிக்கு ஒரு வாரியம் இருக்குமா? அது கணக்குக் காட்டுமா?