திரைக்கதை ஆசிரியர் பயின்ற பள்ளி

திரைப்படம் பார்த்து வெளியே வருவோர் நடிகரின் பெயரைச் சொல்வர், பாட்டை முணுமுணுப்பர், சிலர் நெறியாளரையும் பாராட்டுவர். அப்படத்தை முதன்முதலில் வெறுந்தாளிற் கண்டவர் யாரென்று கேட்போர் மிகச் சிலரே. இவ்வாறு மறைந்து நின்று தொழில் புரியும் திரைக்கதை ஆசிரியர் எங்கே பயில்கிறார், எவரிடம் பயில்கிறார் என்னும் வினாவுக்கு யப்பானிய எழுத்தாளர் ஷினோபு ஹஷிமோட்டோவின் வரலாறு தக்கதொரு விடையாகும்.

ஹஷிமோட்டோ 1918ஆம் ஆண்டு ஹியோகோ மாகாணத்திற் பிறந்தவர். 1938இல் படையிற் சேர்க்கப்பட்ட அவரை வெகு விரைவிலேயே சயரோகம் பற்றிக்கொண்டது. படைவீரருக்கான வைத்தியசாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் கிடந்தார். அங்கே உடனிருந்த நோயாளி ஒருவர், பொழுது போக்குவதற்கென ஒரு சினிமாச் சஞ்சிகையை அவரிடம் கொடுத்தார். அதில் அச்சாகியிருந்த திரைக்கதையைப் படித்த இளைஞர், இவ்வளவுதானா, இதனைத் தாமும் எழுதலாமே என்று எண்ணினார். இத்துறையில் நாட்டிலே தலைசிறந்தவர் யார் என்று கேட்டார். மன்சாகு இதாமி என்பது கிடைத்த விடை.

எளிதென்று எண்ணிய வேலை எளிதாயிருக்கவில்லை. முதலாவது திரைக்கதையை எழுதி முடிக்க ஆண்டுகள் சில சென்றன. முடித்ததை, முன்பின் அறிமுகம் இல்லாத இதாமிக்கே அனுப்பிவைத்தார். பெயர்பெற்ற அப்பெரியாரோ அதனை ஒதுக்கிவிடாது முழுவதும் படித்து, குறைகளை எடுத்துக்காட்டிப் பதில் எழுதினார். இதாமியும் அதே நோயால் வருந்திக்கொண்டிருந்தவர். அன்று தொடங்கிய தொடர்பினால் ஹஷிமோட்டோ அவருக்கு வாய்த்த ஒரே மாணவர் ஆனார்.

உடல் சற்றுத் தேறியதும் ஹஷிமோட்டோ ஒரு கம்பனியிற் கணக்கு வேலைக்கமர்ந்தார். வேலைக்குச் செல்லும் புகையிரதத்திலே அமர்ந்து எழுதுவார். எழுதியதை ஆசிரியரிடம் கொடுப்பார். குறை கேட்டுத் திருத்துவார். ஒருமுறை, பிறர் எழுதிய கதையைத் திரைக்கு ஏற்பதில் முக்கியமானது யாது என்று இதாமி வினவினார். மூலக்கதை மேய்கின்ற பசுவைப் போன்றது. நாள்தோறும் வேலிக்கு வெளியே நின்று அதனை உற்று நோக்கவேண்டும். பின்னர் ஒரே அடியில் வீழ்த்தி அதன் குருதியை மட்டும் எடுத்துச் செல்லவேண்டும் என்று மாணவர் விடையிறுத்தார். அவ்வாறு செய்வதே பெரும்பாலும் சரியாகலாம். ஆயினும் அக்கதையின்மீது அன்பு கொண்டு அதனோடு சேர்ந்தே மாளவேண்டிய வேளையும் உண்டு என்பது ஆசிரியரின் கருத்து. கூரிய மாணவருக்கு அவர் கற்பித்தது இரக்கத்தை எனலாம்.

இதாமி 1946இற் காலமானார். ஆசிரியரை இழந்த மாணவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அகுதகாவா 1922இல் எழுதிய சிறுகதை ஒன்றைத் திரைக்கதையாக்கினார். ஒரே குற்றத்தைப் பலர் பலவிதமாகக் கூறும் கதை அது. அப்பிரதி அகிரா குரோசாவாவின் கைக்கு எட்டியது. படத்துக்கு அதன் நீளம் போதாது என்றார் குரோசாவா. அதே எழுத்தாளரின் ‘றஷோமொன்’ என்னும் கதையின் பழைய வாயிலும் அதனோடு இணைக்கப்பட்டது. 1950இல் வெளிவந்த ‘றஷோமொன்’ 1951இல் வெனிஸ் நகர விழாவிலே தங்கச் சிங்க விருதைப் பெற்றது. கணக்கெழுதிய மனிதர் முழுநேரத் திரைக்கதை ஆசிரியரானார்.

ஆயினும் புகழ் வந்தபின்னரே கடினமான பாடங்கள் காத்திருந்தன. ஒரு சாமுராய் வீரனின் வாழ்வில் ஒரு நாளை எழுதுவதென்று குரோசாவாவும் அவரும் திட்டமிட்டனர். அக்காலத்து வீரன் நண்பகலில் உணவு உண்டானா என்னும் சிறு செய்திகூட ஐயமின்றித் தெளியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத மனமின்றி ஹஷிமோட்டோ அதனைக் கைவிட்டார். அடுத்து, பெயர்பெற்ற வாள்வீரர் பலரின் கதைகளைக் கோத்தெழுதினார். உச்சக்கட்டங்களை மட்டும் அடுக்கினாற் படம் ஆகாது என்று அதுவும் விடப்பட்டது. மூன்றாவதாக, கையிற் பொருளின்றி ஊரூராய்த் திரிந்த வீரர் எவ்வாறு பிழைத்தனர் என்று ஆராய்ந்தபோது, கள்வரிடமிருந்து காத்துத் தருமாறு உழவர் அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் கொடுத்தனர் என்ற செய்தி கிடைத்தது. 1954இல் வெளியான ‘ஏழு சாமுராய்’ படத்தின் விதை அதுவே. இரு முயற்சிகளை இழக்கத் துணிந்திராவிட்டால் மூன்றாவது பிறந்திராது.

அப்படத்தை எழுதிய முறையும் நோக்கத்தக்கது. குரோசாவா, ஹஷிமோட்டோ, ஹிடியோ ஒகுனி ஆகிய மூவரும் அதாமி என்னும் ஊரில் ஒரு விடுதியில் தங்கினர். குரோசாவாவும் ஹஷிமோட்டோவும் ஒரே காட்சியைத் தனித்தனியே எழுதுவர். வயதில் மூத்த ஒகுனி எழுதாமல் அமர்ந்திருந்து, எழுதியவற்றைப் படித்துத் தீர்ப்புக் கூறுவார். உலகம் போற்றும் நெறியாளர் எழுதியதாயினும், குறையிருந்தாற் குறையே. இதாமி மறைந்தபின் வெறுமையாயிருந்த ஆசனத்தில் ஒகுனி அமர்ந்தார் என்று கூறினால் மிகையாகாது.

பின்னர் ஹஷிமோட்டோ 1962இல் ‘ஹராகிரி’, 1974இல் ‘மணற்கோட்டை’ முதலிய சிறந்த படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். 1973இற் சொந்தத் தயாரிப்பு நிறுவனமும் அமைத்தார். 1982இற் கதை, நெறியாள்கை இரண்டையும் தாமே ஏற்ற ‘மாய ஏரி’ பெருந்தோல்வி கண்டது. அனுபவமும் புகழும் மட்டுமே ஓர் எழுத்தாளரைக் காக்கமாட்டா என்பதற்கு அதுவும் சான்றாகும். 2018இல், தமது நூறாவது வயதில் அவர் மறைந்தார்.

திரைக்கதைக் கலையைச் சூத்திரங்களாற் கற்கலாம் என்று எண்ணுவோர் பலர். ஹஷிமோட்டோ பயின்ற பள்ளியிற் சூத்திரம் இல்லை. நோய்ப் படுக்கையும் புகையிரத இருக்கையும் விடுதியின் மேசையுமே அதன் வகுப்பறைகள். நாள்தோறும் எழுதுதல், உண்மை தெரியாதவிடத்து எழுதாமை, பயன்படாததை வருந்தாது களைதல், குறை கூறவல்ல ஒருவரைத் தேடிப் பணிதல் ஆகிய நான்குமே அங்கே பாடம். முதல் மூன்றையும் தனியே பயிலலாம். நான்காவதற்கு இன்னொரு மனிதர் வேண்டும். முன்பின் அறியாத ஒரு நோயாளி இளைஞனின் பிரதியை ஒரு மூத்த எழுத்தாளர் பொறுமையுடன் படித்திராவிட்டால், ‘றஷோமொன்’ படத்துக்கு வித்திட்ட அப்பிரதி எழுதப்பட்டே இராது.