ஊவாவின் திசாவை

பதுளை மாவட்டத்தில், வெலிமடைக்கு அண்மையில், கெப்பெட்டிப்பொல என்றோர் ஊர் உண்டு. மலைச் சரிவுகளில் விளையும் மரக்கறிகள் வந்து குவியும் பெருஞ் சந்தை அங்கே இருக்கிறது. தோட்டப்புறங்களில் வாழ்வோர் பலருக்கும் பழகிய அவ்வூர்ப் பெயர், இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஊவாவின் திசாவையாக இருந்த ஒருவரின் பெயருமாகும். அவரே மொனரவில கெப்பெட்டிப்பொல.

திசாவை என்பது கண்டி இராச்சியத்தில் ஒரு மாகாணத்தை ஆளும் பதவி. இறை தண்டுதலும் வழக்குத் தீர்த்தலும் அவர் கடமைகள். போர் வந்தால் மாகாணத்தின் படைத்தலைவரும் அவரே. கண்டி மன்னரிடம் பெரிய நிலைப்படை இருந்ததில்லை. அரச சேவைக்கு ஈடாக வயல் பெற்ற குடியானவர்கள், திசாவையின் ஆணை வந்ததும் வில்லும் ஈட்டியும் துவக்கும் ஏந்தி, தம் உணவைத் தாமே சுமந்து வந்து திரள்வார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் உழவர்களே ஊர்ப்படையாகத் திரண்டு, 1775 ஆம் ஆண்டில் பிரித்தானியச் சேனையை எதிர்த்து நின்றனர். நிலைப்படை சம்பளத்துக்குப் போரிடும். ஊர்ப்படையோ தன் தலைவன் யார் பக்கம் நிற்கிறான் என்று பார்த்தே போரிடும். ஆகவே, ஊவாவின் திசாவை எப்பக்கம் நிற்பார் என்பது மிகப் பெரிய கேள்வியாக இருந்தது.

கெப்பெட்டிப்பொல, மாத்தளைப் பகுதியைச் சார்ந்த உயர்குடியில் தோன்றியவர். அவருடைய சகோதரி, கண்டியின் முதன்மைப் பிரதானியாக விளங்கிய எஹலப்பொலவின் மனைவி. 1814 ஆம் ஆண்டில் எஹலப்பொல மன்னனைப் பகைத்துப் பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தார். சினங்கொண்ட ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், எஹலப்பொலவின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மரணதண்டனை விதித்தான். பச்சிளம் பாலகரையும் விடாத அக்கொடுமை கண்டி மக்களின் நெஞ்சை விட்டு இன்றுவரை அகலவில்லை. கெப்பெட்டிப்பொலவுக்கோ அது உடன்பிறந்தாளின் மரணம்.

மறு ஆண்டு பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றினர். 1815 மார்ச் 2 ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதிற் கையொப்பமிட்ட பிரதானிகளுள் ஊவாவின் திசாவை என்ற முறையில் அவரும் ஒருவர். முடியிழந்த மன்னனின் ஆண் உறவினர் எவரும் இனி அனுமதியின்றிக் கண்டி நாட்டுள் அடி வைத்தல் ஆகாது, வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்பதும் அவ்வுடன்படிக்கையின் ஒரு விதி. சகோதரியை இழந்தவரின் கைக்கு அந்த விதி கசந்திருக்க நியாயமில்லை. மன்னனும் 1816 ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டான். 1832 ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தான்.

ஆயினும் இரண்டரை ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. பிரதானிகளின் உரிமைகளும் பௌத்த சமயமும் காக்கப்படும் என்று உடன்படிக்கை கூறியிருந்தது. நடைமுறையிலோ, ஓர் இளநிலைப் பிரித்தானிய அதிகாரியின் முன்னும் பழைய பிரதானிகள் பணிந்து நிற்க வேண்டியதாயிற்று. பதுளையில் சில்வெஸ்டர் வில்சன் அரசாங்கப் பிரதிநிதியாக அமர்ந்தார். வெல்லசைப் பகுதியின் முஸ்லிம்கள் மீது ஹாஜி மரிக்கார் என்பவர் முகாந்திரமாக நியமிக்கப்பட்டமை, பழைய அதிகாரம் பிரிந்து போகின்றது என்ற மனக்குறையை வளர்த்தது.

1817 செப்டம்பரில், வெல்லசைக் காடுகளில் ஒருவர் தோன்றி, தாம் நாயக்க அரச குலத்துத் துரைசாமி எனக்கூறி முடியுரிமை கோரினார். அவரைப் பிடிக்கச் சென்ற ஹாஜி மரிக்கார் சிறைப்பட்டு மாண்டார். பின்தொடர்ந்து சென்ற வில்சனும் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கும்படி தேசாதிபதி றொபேட் பிரௌன்றிக் அனுப்பியது, அம்மாகாணத்தின் திசாவையான கெப்பெட்டிப்பொலவையே. சுமார் 500 பேருடன் புறப்பட்ட அவர், நவம்பர்த் தொடக்கத்தில் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துவிட்டார். அரசாங்கம் தந்த துவக்குகளை வைத்து அவ்வரசாங்கத்தோடு போரிடுதல் தகாது என்று அவற்றைத் திருப்பி அனுப்பினார் என்றும் கூறுவர்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் முரண் தெரிகிறது. எந்த அரச குலம் தம் சகோதரியையும் அவள் மக்களையும் அழித்ததோ, அக்குலத்தின் பெயரைச் சொன்னவரின் கொடியின் கீழ் அவர் நின்றார். குடும்பத்தின் துயர் பெரிதா, நாட்டின் நிலை பெரிதா என்ற வினாவுக்கு அவர் தந்த விடை அதுவே. மன்னனில்லாத கண்டியை மக்கள் நினைத்துப் பார்த்ததில்லை. அரசுரிமை கோரும் ஒருவர் இன்றி அவர்களைத் திரட்டவும் இயலாது. அதை அவர் நன்கு உணர்ந்திருக்க வேண்டும்.

ஊவாவில் மூண்ட தீ கண்டி நாட்டின் பெரும்பகுதிக்கும் பரவிற்று. 1818 பெப்ரவரியில் அங்கெல்லாம் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. எஹலப்பொலவும் ஐயத்தின் பேரில் சிறைப்பிடிக்கப்பட்டு, பின்னர் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829 ஆம் ஆண்டில் அங்கே இறந்தார். காட்டுப் போரில் வெல்ல இயலாத பிரித்தானியர், மதராசிலிருந்து சிப்பாய்ப் படைகளை வரவழைத்தனர்; ஊர்களை எரித்தனர்; நெல்லையும் கால்நடைகளையும் அழித்தனர். பசியும் நோயும் போரிடாதவரையும் கொன்றன. இதனிடையே, துரைசாமி எனப்பட்டவர் அரச குலத்தவரே அல்லர், வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு என்ற உண்மையும் வெளிப்பட்டது. கிளர்ச்சி தளர்ந்தது.

அக்டோபர் இறுதியில் நுவரகலாவியப் பகுதியில் கெப்பெட்டிப்பொல பிடிபட்டார். இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 1818 நவம்பர் 26 ஆம் நாள், கண்டியில், மடுகல்லே என்ற பிரதானியோடு அவர் கொலைக்களம் கொண்டு செல்லப்பட்டார். அந்தக் காலையைப் பதிந்து வைத்தவர் ஹென்றி மார்ஷல் என்ற படை வைத்தியர். முதலில் தலதா மாளிகையில் வழிபட்ட கெப்பெட்டிப்பொல, பின்பு வெட்டுக்களத்தில் சிறு நூலொன்றைப் பிரித்துப் பாளிச் சுலோகங்களை ஓதினார். அந்த நூலைச் சைமன் சாவர்ஸ் என்ற அதிகாரியிடம் சேர்க்கும்படி வேண்டினார். பதுளையில் தாம் திசாவையாகவும் அவர் அரசாங்கப் பிரதிநிதியாகவும் இருந்தபோது காட்டிய நட்புக்கு நன்றியாக அதைத் தந்தார். எதிர்த்துப் போரிட்ட ஆட்சியின் அதிகாரி ஒருவருக்கே, வாளின் முன் நின்றபடி நன்றி சொன்னவர் அவர்.

மார்ஷல் அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்கு எடுத்துச் சென்றார். மண்டையோட்டின் அமைப்பிற் குணத்தைக் காணலாம் என நம்பியோரின் காட்சிச்சாலையில் அது நெடுங்காலம் கிடந்தது. நாடு சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேதான் அது தாயகம் திரும்பிற்று. 1954 நவம்பர் 26 ஆம் நாள் கண்டியில் நினைவுச் சின்னத்தின் கீழ் வைக்கப்பட்டது.

ஊவா எளிதில் மீளவில்லை. குளங்களும் வாய்க்கால்களும் பாழாகிக் கிடந்தன. 1840 ஆம் ஆண்டின் சட்டம், பயிரிடப்படாத நிலத்தை அரசுக்குரியதாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு விற்க வழி திறந்தது. கோப்பியும், அதன்பின் தேயிலையும் வந்தன. அவற்றை நட்டு வளர்க்கத் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்கள், அம்மலைகளின் முந்திய கதையை அறியார். நிலமிழந்த சிங்களக் குடியானவரும் ஊர்விட்டு வந்த தமிழ்த் தொழிலாளரும் ஒரே ஆட்சியின் கணக்கேட்டில் வெவ்வேறு பக்கங்களாயினர்.

கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் எனப் பிரௌன்றிக் 1818 ஆம் ஆண்டில் அறிவித்திருந்தார். சுதந்திரம் பெற்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்ற பின்னரே, 2016 டிசம்பரில், கண்டியில் அப்பிரகடனம் முறைப்படி நீக்கப்பட்டது. வெலிமடைச் சந்தைக்குச் செல்வோரின் நாவில் அவர் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே துரோகியின் பெயராக இல்லாது போயிற்று.