பருவமும் கெடுவும்: ‘கூளமாதாரி’யில் காலம்

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை (2000) மேய்ச்சல் நிலத்தின் பருவச் சுழற்சியாக வாசிப்பது ஆய்வாளர்களிடையே வழக்கமாகிவிட்டது. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு (2004) ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’ என்ற தலைப்போடு வந்தது அந்த வாசிப்புக்கு வலுச் சேர்த்திருக்கலாம். அதை முழுத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்நாவலில் காலத்தை அளப்பது பனையல்ல, பண்ணையக் கணக்கு என்பதே என் துணிபு.

சான்று தலைப்பிலேயே இருக்கிறது. ஆடு மேய்க்கும் சிறுவனைக் கதைக்குள் கூப்பிடுவது கூளையன் என்று. குள்ளமானவன் என்று பொருள். கூட்டாளிகள் நெடும்பன், வவுறி, செவிடி. எல்லாம் உடம்பைப் பார்த்து வைத்த பெயர்கள். ‘மாதாரி’யோ கொங்குப் பகுதியில் அருந்ததிய ஆண்களின் பெயரோடு ஒட்டும் சாதிப் பின்னொட்டு, பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு உரியது. அப்படியானால் அட்டையில் இருப்பது பையனின் பெயரல்ல, அவன் பெரியவனானதும் ஊர் அவனைக் கூப்பிடப்போகும் பெயர். முதல் பக்கத்தைத் திருப்புமுன்பே அவன் வருங்காலம் முடிவாகிவிட்டது. ஆங்கிலத் தலைப்பில் பருவத்தை வைத்ததும் இந்த ஏற்பாடு மறைந்துபோகிறது. அது சந்தைக்காக வைத்த தலைப்பு என்ற சமாதானம் உதவாது. வாசகர் முதலில் படிப்பது அதைத்தான்.

‘பையன் ஆளாகிவிட்டான்’ என்கிறோம். பண்ணையத்தில் ‘ஆள்’ என்றால் கூலிக்கு விடப்பட்டவன். தகப்பன் வாங்கிய பணத்துக்காகப் பண்ணையத்தில் நிற்கும் கூளையன், ஆளாவதற்கு முன்பே ஆள். வளர்ச்சிக் கதையின் வரிசையே இங்கே தலைகீழ்.

கோடையும் மழையும் பனம்பழமும் நாவலில் நிறைந்து கிடக்கின்றனவே என்பார்கள். கிடக்கின்றன. பிள்ளைகளின் சந்தோஷமும் பொய்யல்ல. ஆனால் ஆடுகள் தலை கவிழ்ந்து மேயும் வரைதான் விளையாட்டு. ஒன்று வெள்ளாமைக்குள் வாய் வைத்துவிட்டால், அதுவரை ஆடிய ஆட்டம் குற்றமாகிவிடும். அந்த நேரம் அவர்களுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை.

பருவத்துக்கும் பண்ணையக் கணக்குக்கும் உள்ள இந்த வேறுபாடு எனக்குப் பிடிபட்டது ஜவளகிரி என்ற ஊரில். அங்கே பருவத்தைச் சொல்வது ராகி. கதிர் முற்றும் சமயத்தில் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் வரும். தான் ஆடு மேய்க்கப் போன கதையைச் சொன்ன ஒரு பெரியவர், “ராகி அறுப்புக்கு முன்னாடி” என்று தொடங்கினார். எத்தனை நாள் மேய்த்தீர்கள் என்று கேட்டேன். ராகியையும் யானையையும் விட்டுவிட்டு, அப்பா வாங்கிய தொகையையும் கெடுவையும் சொன்னார். நினைவுக்குப் பருவம், உழைப்புக்குக் கெடு. ஒருவர் வாய்ச்சொல் நாவலுக்குச் சான்றாகாது என்பது தெரியும். ஆனாலும் இரண்டு காலங்களையும் பிரித்துப் படிக்க அது கற்றுத்தந்தது.

இந்நாவலை இனி மொழிபெயர்ப்பவர்கள் தலைப்பில் ‘மாதாரி’யை விட்டுவிடக் கூடாது.