பலர் கூடி ஆக்கிய இணையத்தளங்கள்: அவற்றின் எழுச்சியும் எதிர்காலமும்

ஒருவர் இயற்றிய நூலைப் பலர் கற்றல் உலக வழக்கு. பலர் இயற்றப் பலரே கற்கும் முறையொன்று கடந்த முப்பது ஆண்டுகளுள் இணையத்திலே தோன்றிப் பெருவளர்ச்சி பெற்றது. இம்முறையில் அமைந்த தளங்களை நடத்துவோர் தாமாக எழுதுவதில்லை. அங்கு வருவோரே எழுதுகின்றனர், படங்களை இடுகின்றனர், பிறர் எழுதியவற்றைத் திருத்துகின்றனர், நன்றெனவும் தீதெனவும் தரம் பிரிக்கின்றனர். இத்தளங்கள் விரைவில் ஓங்கியமையும், அவற்றுட் பல விரைவில் மறைந்தமையும் வரலாற்று மாணவர் ஆராய்தற்குரியன. அவற்றின் வாழ்வும் தாழ்வும் எதனாலாயின என்பதைச் சில சான்றுகள் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

1994 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டுப் பின்னர் ஜியோசிற்றீஸ் எனப் பெயர்பெற்ற தளம் இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. அது பொதுமக்களுக்குப் பக்கங்களை இலவசமாக வழங்கியது. அப்பக்கங்கள் ஒரு நகரத்தின் குறிச்சிகள் போலப் பகுக்கப்பட்டிருந்தன. திரைப்படத்தை விரும்பியோர்க்கு ஒரு குறிச்சி, விண்வெளி ஆய்வை விரும்பியோர்க்கு வேறொரு குறிச்சி என்றவாறு அவை அமைந்தன. பக்கம் பெற்றோர் குடியேறிகள் என்றே அழைக்கப்பட்டனர். 1999 ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் 350 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதி கொடுத்து இத்தளத்தை வாங்கிற்று. அவ்வாண்டிலேயே, குடியேறிகள் எழுதியவற்றைத் தான் விரும்பியவாறு பயன்படுத்த இடந்தரும் நிபந்தனையொன்றை விதித்தது. எதிர்ப்பு எழுந்தமையால் அதனைத் தளர்த்திற்று. ஆயின் தளத்தை மூடும் உரிமை யாகூவிடமே இருந்தது. 2009 ஒக்டோபரில் அத்தளம் மூடப்பட்டது. யப்பானியக் கிளை மட்டும் 2019 வரை நிலைத்தது. அழியுமுன் தொண்டர் சிலர் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி தப்பிற்று. ஏனையவை மீட்டற்கரியவாயின.

பின்வந்த தளங்களின் கதையும் இதனோடு ஒத்ததே. 2003 இல் தோன்றிய மைஸ்பேஸ் 2005 இல் 58 கோடி டொலருக்கு விலைபோயிற்று. 2011 இல் அதன் விலை ஏறத்தாழ 3.5 கோடி டொலராகச் சுருங்கியது. 2003 முதல் 2015 வரை இசைஞர் அங்கே இட்ட பாடல்களுட் பெரும்பகுதி, கோப்புகளை வேறு கணினிகளுக்கு மாற்றும்போது அழிந்துபோனதென்பது 2019 இல் வெளிப்பட்டது. செய்திகளை வாசகர் வாக்கினால் வரிசைப்படுத்திய டிக் என்னுந் தளம் 2004 இல் எழுந்தது. 2010 ஓகஸ்ட் மாதத்தில் அதன் அமைப்பு மாற்றப்பட, வாசகர் வெறுப்புற்று றெடிற் என்னுந் தளத்தை நாடினர். 2012 இல் டிக் பகுதி பகுதியாக விற்கப்பட்டது. அவர்கள் நாடிச் சென்ற றெடிற்றிலும் 2023 யூன் மாதத்தில் பூசல் விளைந்தது. தளத்தின் தரவுகளைப் பெறும் பிறர் செயலிகளுக்கு நிறுவனம் பெருங்கட்டணம் விதிக்க, ஆயிரக்கணக்கான குழுக்கள் தம் வாயில்களை அடைத்தன. நிறுவனம் இணங்கவில்லை. 2024 மார்ச்சு மாதத்தில் அதன் பங்குகள் நியூயோர்க் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தன.

இந்நிகழ்ச்சிகள் ஒருண்மையைப் புலப்படுத்துகின்றன. ஆக்கியோர் வேறு, உடையோர் வேறு. பிறர் காணியில் வீடு கட்டியவன், காணிக்காரன் எழும்பச் சொன்னால் வெறுங்கையுடன் எழும்ப வேண்டியவனே. இதனால் நிறுவனத்தாரைக் கொடியோர் என்றல் பொருந்தாது. கணினிகளுக்கும் மின்சாரத்துக்கும் ஊழியர்க்கும் அவர்களே பணஞ் செலவிட்டனர். செலவிட்டவர் ஊதியந் தேடல் இயல்பு. குறை அவ்வமைப்பிலேயே உளது.

அக்குறையை நீக்கிய அமைப்பும் ஒன்றுண்டு. 2001 சனவரி 15 ஆந் திகதி ஜிம்மி வேல்ஸ், லரி சாங்கர் என்போர் தொடங்கிய விக்கிப்பீடியாவில் எழுதப்படுவன யாவும், எவரும் படியெடுக்கவும் திருத்தவும் மீள வெளியிடவும் இடந்தரும் உரிமத்தின் கீழ் அமைந்தன. அவ்வுரிமத்தின் வலிமை அடுத்த ஆண்டிலேயே விளங்கிற்று. தளத்தில் விளம்பரம் இடம்பெறக் கூடுமென்ற பேச்சு 2002 பெப்ருவரியில் எழுந்தபோது, ஸ்பானிய மொழியில் எழுதியோருட் பலர் பிரிந்து, தாம் எழுதிய கட்டுரைகளின் படிகளையும் உடன்கொண்டு, செவில் பல்கலைக்கழகக் கணினியில் வேறொரு கலைக்களஞ்சியத்தை நிறுவினர். அவர்களைத் தடுக்க எவர்க்கும் உரிமையிருக்கவில்லை. 2003 யூன் மாதத்தில் விக்கிப்பீடியா இலாபநோக்கற்ற நிறுவனமொன்றின் பொறுப்பில் வந்தது. இன்றும் அது விளம்பரமின்றி நன்கொடையால் நடைபெறுகின்றது. எடுத்துக்கொண்டு செல்லும் உரிமை குடிகளுக்கு இருக்குமாயின், தலைவர் குடிகளின் சொல்லைக் கேட்பர் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுரிமையொன்றே எதிர்காலத்தைக் காக்கப் போதுமோ எனின், போதாது என்க. 2022 நவம்பரிற் சற்ஜிபிரி வெளிவந்தபின், பலர் எழுதியவற்றைப் பொறிகள் கற்றுத் தாமே விடை கூறுகின்றன. விடை பெற்றவன் மூலத்தளத்துக்குச் செல்வதில்லை. செல்லாதவன் அங்கே ஒரு பிழையைக் கண்டு திருத்தப்போவதுமில்லை. கணினி நிரலாக்குநர் வினவி விடைபெறுதற்கென 2008 இல் எழுந்த ஸ்ராக் ஓவர்ஃபுளோ தளத்திற் புதுவினாக்கள் பெரிதுங் குறைந்துவிட்டன. விக்கிப்பீடியாவைப் பார்வையிடும் மனிதர் தொகை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 8 அளவிற் குறைந்ததென 2025 ஒக்டோபரில் அதன் நிறுவனம் அறிவித்தது. வாசகருள்ளிருந்தே எழுதுவோர் தோன்றுவர். ஆதலின் வாசகர் அருகின் எழுதுவோரும் அருகுவர். உரிமம் எழுதப்பட்டதைக் காக்கும். எழுதும் கைகளைத் தாராது.

ஈழத்துத் தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. ஏட்டுச்சுவடிகள் தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டமையாலேயே நம்மை வந்தடைந்தன. படியெடுப்பாரற்றவை செல்லரித்துப் போயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதனவும் அவற்றுள் இருந்தன. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியபோது அதற்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். ஈழத்து நூல்களை மின்வடிவிற் பேணும் நூலகம் திட்டம் 2005 இல் தொண்டர்களால் தொடங்கப்பட்டது. இவ்விரண்டிலும் உள்ளவற்றை வாசித்து மகிழ்வோர் பலர். ஒரு வரியேனும் எழுதிச் சேர்ப்போர் சிலர். வாசிக்கும் மாணவன் ஒருவன் தன் ஊர்ப் பாடசாலையைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதிச் சேர்ப்பானாயின், இத்தளங்களின் எதிர்காலம் அந்த அளவுக்கு உறுதிப்படும்.