சகுந்தலா தேவியின் 26 இலக்கப் பெருக்கற்பலன்

18,947,668,177,995,426,462,773,730 என்பது 26 இலக்கங்கள் கொண்ட இரட்டைப்படை முழு எண். அது 7,686,369,774,870 மற்றும் 2,465,099,745,779 ஆகிய 13 இலக்க எண்களின் பெருக்கற்பலன். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980 ஜூன் 18 அன்று, பெங்களூரில் பிறந்த சகுந்தலா தேவி (1929–2013) இதை 28 விநாடிகளில் மனக்கணக்காகவே சொன்னார். 1982ஆம் ஆண்டு கின்னஸ் நூல் இச்சாதனையைப் பதிவு செய்தது.

இவ்வெண் 330ஆல் மீதியின்றி வகுபடும். 30 என்ற காரணி முதல் எண்ணிலிருந்து வருகிறது. 11 வரும் விதம்தான் அழகு: இரண்டாம் எண்ணில் ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் இரு வரிசைகளிலும் 37 கிடைக்கிறது; இரண்டும் சமமாவதால் அவ்வெண் 11ஆல் வகுபடும்.

விடையின் இலக்கக் கூடுதல் 138. ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. அதனால் வர்க்க எண்ணாக இருக்க இயலாது.

விடையைச் சரிபார்க்க ஒன்பதால் வகுத்தால், பெருக்கிய எண்களின் மீதி 6, 2. அவற்றின் பெருக்கல் 12, அதன் மீதி 3. விடையின் மீதியும் 3.