பிரதர்ஸ் இன் லா

ஹென்றி செசில் எழுதி 1955இல் வெளியான ஆங்கில நகைச்சுவை நாவல். தேர்வில் தேறிவிட்டு, கோர்ட்டில் வாய் திறக்கத் தெரியாமல் விழிக்கும் ஓர் இளம் பாரிஸ்டரின் கதை. தலைப்பு ஒரு சிலேடை. மைத்துனர்கள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் இணைப்புக்குறிகளை எடுத்துவிட்டால், சட்டத் தொழிலின் சகோதரர்கள் வந்துவிடுகிறார்கள்.

ஆசிரியரின் முழுப்பெயர் ஹென்றி செசில் லியோன் (1902–1976). கேம்பிரிட்ஜில் படித்து 1923இல் பாரிஸ்டரானார். இரண்டாம் உலகப் போரில் மிலிட்டரி கிராஸ் பெற்றார். 1949 முதல் 1967 வரை கவுன்ட்டி கோர்ட் நீதிபதி. ஆக, வக்கீல்களைக் கேலி செய்த இந்த நாவல் பதவியிலிருந்த ஒரு நீதிபதியின் கையிலிருந்து வந்தது. அதன் நகைச்சுவை நம்பும்படி இருப்பதற்குக் காரணமும் அதுவே.

கதையைச் சுவைக்க அன்றைய ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். லண்டனில் ‘இன்’ எனப்படும் நான்கு வக்கீல் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, தேர்வு எழுதி, அங்கே குறித்த எண்ணிக்கையில் இரவு விருந்துகளும் சாப்பிட்டு முடித்தால் பாரிஸ்டர் பட்டம். வழக்காடக் கற்பது அதற்குப் பிறகுதான். ஒரு சீனியரிடம் ஓராண்டு ஜூனியராக இருப்பது வழக்கம். சம்பளம் கிடையாது, ஜூனியர்தான் சீனியருக்கு 100 கினி கட்ட வேண்டும். ஒரு கினி 21 ஷில்லிங். அதாவது 105 பவுண்டு. நாயகன் ராஜர் தர்ஸ்பியின் சீனியர் கிரைம்ஸ், ஒரே நேரத்தில் பல கோர்ட்டுகளில் வழக்கு வைத்திருப்பவர். ஒரு நாள் ராஜர் படித்தே பார்க்காத வழக்குக் கட்டை அவர் கையில் திணித்துவிட்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிடுகிறார். நீதிபதி ராஜரைப் பார்க்கிறார். இந்தச் சங்கடம் எந்த ஊர் ஜூனியருக்கும் புரியும்.

திரைப்படம் 1957இல் வந்தது. பௌல்டிங் சகோதரர்களில் ஜான் தயாரிக்க, ராய் இயக்கினார். இயான் கார்மைக்கேல் ராஜராகவும், ரிச்சர்ட் அட்டன்பரோ அவருடைய நண்பராகவும் நடித்தனர். ஆனால் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் டெர்ரி தாமஸ்தான். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதி, கோர்ட்டில் அங்கியோடு உட்கார்ந்திருக்கும் எவரையும் கூண்டிலிருந்தே சிறு கட்டணத்துக்குத் தேர்ந்துகொள்ளலாம் என்ற பழைய வழக்கப்படி, பலமுறை கூண்டேறிய மோசடிக்காரனாக வரும் அவர் ராஜரைப் பிடிக்கிறார். கோர்ட் நடைமுறையை வக்கீலுக்குக் கட்சிக்காரர் கற்றுக்கொடுக்கிறார்.

பிபிசி 1962இல் தொலைக்காட்சித் தொடராக்கியது. ரிச்சர்ட் பிரையர்ஸ் நாயகன். வானொலியிலும் அவரே. மூல நாவலின் தொடர்ச்சிகள் பிரெண்ட்ஸ் அட் கோர்ட் (1956), சோபர் ஆஸ் எ ஜட்ஜ் (1958). இரண்டும் முதல் நூலுக்கு ஈடில்லை.

ஜூனியர் பணம் கட்டும் வழக்கம் பின்னர் ஒழிந்தது. 2003 முதல் இங்கிலாந்தில் சீனியர்களின் சேம்பர்தான் ஜூனியருக்குப் பணம் தந்தாக வேண்டும்.